ரதிக்கு வந்த மாத்திரை

வெள்ளவத்தை
12.01.2007

ஜீவராஜுக்கு,

பெயரைச் சொல்லி எழுதுகிறேனே என்று பதற வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து "என்னங்க, இந்தாங்க" என்றுதான் கூப்பிட்டேன். அந்த மரியாதைக்கு நீங்கள் திருப்பித் தந்தது என் இரத்தத்தில் ஓடுகிறது. புறக்கோட்டைக் கடையில் வேலை செய்தபோது எங்கே போய் எதை வாங்கினீர்களோ, அதில் எனக்கும் சரிபாதி கொடுத்தீர்கள். பெயரை எழுதப் பழகிவிட்டேன். "நீங்கள்" மட்டும் போகமாட்டேன் என்கிறது. அதைப் பழக்கதோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று கிளினிக்குக்குப் போனேன். சிங்கள டொக்டர் நோனா என் இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எச்.ஐ.வி. கிருமி சோதனையில் பிடிபடாத அளவுக்கு இறங்கிவிட்டதாம். செத்துப்போகவில்லை, உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது, மருந்தை விட்டால் எழும்பி வரும் என்றும் சொன்னார். உங்கள் ரிப்போர்ட்டும் போன தடவை இதே மாதிரி நன்றாக இருந்ததாம். ஒரே நாளில் நாம் இரண்டு பேரும் தொடங்கிய மருந்துதானே. கெடுத்தவன் யார், கெட்டவள் யார் என்று அந்த மாத்திரைக்கு வித்தியாசம் பார்க்கத் தெரியவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பக்கத்துப் பலசரக்குக் கடையில் நிற்கும் நம் தேயிலைத் தோட்டத்துச் சோலைமலை நேற்று ஒரு செய்தி சொன்னான். "அக்கா, காமன் கூத்துல இந்த வருசமும் அண்ணன்தான் ரதியாம். மாஸ்டர் முடிவு பண்ணிட்டாராம்." கேட்டுக்கொண்டு நின்றேன். சிவன் மன்மதனை எரிப்பார், ரதி மாரடித்து அழுவாள், தோட்டமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கட்டியவள் அழுதபோது ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஆள், மாசி பிறந்தால் சேலை கட்டிக்கொண்டு ஊருக்காக அழுகிறார்.

நீங்கள் எப்படியும் அழுதுகொள்ளுங்கள். உங்கள் கிளினிக் நாள் பெப்ரவரி இருபத்திரண்டு. அதற்குள் காப்புக் கட்டிவிடுவார்கள். காப்புக் கட்டியவன் கூத்து முடியும்வரை தோட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று எனக்கும் தெரியும். ஒன்று முன்கூட்டியே வந்து மருந்தை எடுங்கள். இல்லாவிட்டால் வேறு ரதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சண்முகவடிவு


அக்கரப்பத்தனை
25.01.2007

வடிவுக்கு,

கடிதம் கிடைத்தது. இனிமேல் உறையைச் சரியாக ஒட்டி அனுப்பு. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கண்டாக்கையா பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுக்கும்போது உன்னுடையது பாதி திறந்து கிடந்தது. இராமையா எட்டிப் பார்த்து, "என்னா மச்சான், கொழும்புலருந்து காதல் கடிதமா?" என்று இளித்தான். உள்ளே இருப்பதைப் படித்திருந்தால் அந்த இளிப்பு எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்.

என் பெயரை எழுதியிருக்கிறாய். எழுது. யாழ்ப்பாணத்து டீச்சர் வீட்டில் இடியப்பம் பிழியப் போனவள் இப்போது டொக்டர் மாதிரி பேசுகிறாள். புருஷன் பெயர் என்ன, புண்ணாக்கு என்ன உனக்கு.

கூத்தைப் பற்றி மட்டும் கேலி பேசாதே. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்கும்போது நான் வெறும் "ஏய், இந்தா". கண்டாக்கு அதட்டுகிறான், கங்காணி அதட்டுகிறான். சேலை கட்டிப் பூ வைத்துச் சலங்கையோடு லயத்து வீட்டு வரிசைக்குள் நுழைந்தால் அதே கண்டாக்கின் பெண்சாதி என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறாள். பிள்ளையில்லாதவர்கள் என் கையால் விபூதி வாங்க வரிசையில் நிற்கிறார்கள். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் நான் மனிதன். அதையும் விடச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

விட்டாலும் மாயாண்டி மாஸ்டர் விடமாட்டார். "அந்த நடை வேற யாருக்குடா வரும்? அழகனுக்குச் சேலை கட்டுனா கொழுந்து மூட்டைக்குக் கட்டுன மாதிரி இருக்கு" என்று கையை விரித்துவிட்டார்.

காப்புக்கு முன்னால் வந்து மருந்தை எடுத்துவிடுவேன். இருப்பதெல்லாம் பவுடர் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஒப்பனைப் பெட்டியை என்னைத் தவிர யாரும் தொடமாட்டார்கள். நீ உன் இடியப்பத்தைப் பார்.

ஜீவராஜ்


வெள்ளவத்தை
24.02.2007

ரதிதேவி அவர்களின் பாதங்களுக்கு,

காப்புக்கு முன்னால் வருவேன் என்றவர் வரவில்லை. காப்புக்குப் பின்னால் வரமுடியாது. ஆக, வராமல் இருப்பதற்கு உங்களுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது.

உங்கள் நாளன்று நானும் கிளினிக்குக்குப் போனேன். என்னுடைய நாள் இல்லை. இருந்தும் காலையிலிருந்து அந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்காகப் பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நர்ஸ் மிஸ் உங்கள் நம்பரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனார். கடைசியில் நான் எழும்பிப்போய், அந்த மனிதருக்குத் தோட்டத்தில் சாமி காரியம் என்றேன். டொக்டர் நோனா பேனாவைக் கீழே வைத்தார். சாமி மருந்து கொடுக்குமா என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் உங்களிடம் கேட்டிருந்தால் நாக்கை அறுத்திருப்பீர்கள்.

இரத்தம் எடுக்காமல் மருந்து கொடுப்பது வழக்கமில்லையாம். கெஞ்சியதில், இந்த ஒரு தடவைக்கு மட்டும் என்று கொடுத்தார். உங்களுக்காக நான் கெஞ்சியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி நடக்காது.

வீட்டுக்கு வந்தபோது குணபூசணி டீச்சர் முகத்தைப் பார்த்து, "என்ன பிள்ளை, அழுதனீரோ? கண் சிவந்துகிடக்குது" என்றார். வெங்காயம் என்றேன். வெங்காயம் உரிக்கவே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

மருந்தைப் பெட்டியில் வைத்து, துணி சுற்றித் தைத்து, ஹட்டன் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். அக்கரப்பத்தனை பஜாரில் தம்பிஐயா தேத்தண்ணிக் கடையில் இறக்குவார்கள். தைலம் என்று சொல்லியிருக்கிறேன். தோட்டத்துப் பாலத்தைத் தாண்டினால் கடை. ரதிதேவி பாலம் வரைக்கும் நடந்து, அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் நடந்தால் போதும்.

சண்முகவடிவு


அக்கரப்பத்தனை
10.03.2007

வடிவுக்கு,

கூத்து முடிந்தது. இந்த வருடம் ஆடியதுபோல நான் என்றைக்கும் ஆடியதில்லை. மன்மதன் எரிந்து, தப்புச் சத்தம் நின்று, நான் ஒப்பாரியை எடுத்தபோது ஒரு குழந்தைகூட இருமவில்லை. பெரிய துரையே பங்களாவிலிருந்து வந்து பார்த்தார். மாயாண்டி மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இனி நீ இருக்கிற வரைக்கும் இந்தத் தோட்டத்துல வேற ரதி கெடையாதுடா" என்றார். உனக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

உன் பார்சலும் வந்தது. பஜாரில் இறக்கிவிட்டதாகத் தம்பிஐயா ஆள் விட்டார். பாலம்தான் எல்லை, அதைத் தாண்டினால் காப்பு அறுந்த மாதிரி. அழகன், "நான் போய் எடுத்துட்டு வரட்டுங்களா அண்ணே?" என்று கேட்டான். அவன் எதைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கிறவன். வேண்டாம், தைலம்தானே, கிடக்கட்டும் என்றேன். காப்பை அவிழ்த்த மறுநாள் நானே போய் எடுத்தேன். தம்பிஐயா அதன் மேல் சீனி டப்பாவை வைத்திருந்தார்.

மருந்து இல்லாமல் நான் ஆடியிருப்பேன் என்று இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். அடித்துக்கொள்ளாதே. நான் ஒன்றும் மடையன் இல்லை. டின்னில் இருந்ததைக் கணக்குப் பார்த்து, காலையில் மட்டும் போட்டு, மாலை மாத்திரையை மிச்சம் பிடித்தேன். கூத்து முடியும்வரை ஒருநாள்கூட மாத்திரை இல்லாமல் விடவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. உன் டொக்டர் நோனாவிடம் சொல்லு, அவர் இரண்டு மாத்திரையில் செய்வதை நான் ஒன்றில் செய்து காட்டியிருக்கிறேன்.

ஜீவராஜ்


வெள்ளவத்தை
28.03.2007

ஜீவராஜுக்கு,

உங்கள் கடிதத்தை டொக்டர் நோனாவுக்குச் சிங்களத்தில் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெருமையையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மருந்தை அடியோடு விட்டால் கிருமி எழும்பி வரும், ஆனால் திரும்பத் தொடங்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்றார். பாதி மருந்து அப்படி இல்லையாம். அது கிருமியைக் கொல்லவும் கொல்லாது, சும்மா விடவும் விடாது. மருந்தை அடையாளம் கண்டு தப்பிக்கும் வழியைக் கிருமிக்குப் பழக்கிக் கொடுக்கும். பழகிவிட்டால் பிறகு இரண்டு போட்டாலும் ஒன்றுதான், இருபது போட்டாலும் ஒன்றுதான். முதல் மருந்துதான் லேசான மருந்து, அதைப் பாழாக்கினால் அடுத்தது கஷ்டம் என்றார். விளங்கிற்றா? கஞ்சிக்குத் தண்ணீர் விட்டு நீட்டுவதுபோல மருந்தை நீட்டியிருக்கிறீர்கள். பஞ்சத்தில் பிறந்த புத்தி.

இந்த நாட்டில் இந்த மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கி அதிக காலமாகவில்லை. அதற்கு முன்னால் இதே நோயோடு வந்தவர்களைப் பற்றி மிஸ் சொல்லியிருக்கிறார். அவர்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்து கிடந்திருந்தால் தவழ்ந்தாவது போயிருப்பார்கள். உங்களுக்குச் சீனி டப்பாவின் கீழே கிடந்தது. நீங்கள் இந்தப் பக்கம் நின்று ஒப்பாரி பாடினீர்கள்.

பெரிய துரை பார்த்தாராம். அவர் மட்டும்தான் குறை. செத்தால் பெட்டிக்கும் அவரே வரட்டும்.

உடனே வந்து இரத்தம் கொடுங்கள். இதற்கு மேல் எழுத எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சண்முகவடிவு


அக்கரப்பத்தனை
15.07.2007

வடிவு,

போன தடவை கிளினிக்கில் நீ என்னைப் பார்த்தும் பேசாமல் போனாய்.

நான் எப்படி வந்தேன் என்று உனக்குத் தெரியுமா? வழியில் எத்தனை இடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறக்கினார்கள். தமிழன், மலைநாட்டு அடையாள அட்டை, கையில் மாத்திரைப் போத்தல். ஒரு ஆமிக்காரன் போத்தலைக் குலுக்கிப் பார்த்து, "மே பெஹெத் மொனவடத?" என்று எதற்கு மருந்தென விசாரித்தான். நெஞ்சு வருத்தத்துக்கு என்றேன். அவன் நம்பினானோ இல்லையோ, போத்தலைத் திருப்பித் தந்தான். அப்படி வந்து சேர்ந்தால் நீ அந்த வாங்கிலிருந்து எழும்பி, சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாரோ பிச்சைக்காரனைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனாய்.

போன மாதம் கொடுத்த இரத்தத்தின் ரிப்போர்ட் அன்றைக்கு வந்திருந்தது. கிருமி ஏறியிருக்கிறது. டொக்டர் நோனா கடுமையாகத் திட்டினார். பாதி விளங்கியது, மீதி முகத்தைப் பார்த்தாலே விளங்கியது. இன்னும் ஆறு மாதம் இதே மருந்தைத் தவறாமல் எடுத்துப் பார்க்கலாம், கிருமி இறங்கினால் பிழைத்தாய், இறங்காவிட்டால் இந்த மருந்து இனி உனக்கு வேலை செய்யாது என்றார். அடுத்த மருந்தைப் பற்றிக் கேட்டேன். அதை அப்போது பேசலாம் என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

வடிவு, கழுத்து எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. மலையேறினால் மூச்சு வாங்குகிறது. பயமாக இருக்கிறது. மருந்து போடுவதைப் பார்க்க வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்கிறார். வீட்டுக்கு வந்துவிடு.

ஜீவராஜ்


வெள்ளவத்தை
02.08.2007

ஜீவராஜுக்கு,

பேசவில்லைதான். வாயைத் திறந்திருந்தால் கிளினிக்கில் இருந்த அத்தனை பேரும் எழும்பி நின்று பார்த்திருப்பார்கள். அதுவும் உங்கள் கழுத்தைப் பார்த்த பிறகு என்ன பேசுவது? அந்தச் சட்டை போன வருடம் நான் தைத்தது. அதற்குள் ஆள் இல்லை, வெறும் சட்டைதான் நடந்து வந்தது. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியிலிருந்த சோற்றைக் கடலோரத்துக் காகங்களுக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரமாட்டேன். உங்கள் வாயில் மாத்திரை போட நான் டிஸ்பென்சர் இல்லை. நோயைக் கொடுத்தபோது என்னைக் கேட்கவில்லை, காப்புக் கட்டியபோது கேட்கவில்லை, மாத்திரையை மிச்சம் பிடித்தபோது கேட்கவில்லை. பயம் வந்தவுடன் மட்டும் பெண்சாதி நினைவுக்கு வருகிறாள்.

அத்தனை பேர் உங்கள் காலில் விழுகிறார்கள் என்றீர்களே. அதில் ஒரு ஆளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஆள். அவர் முன்னால் காலையும் மாலையும் மாத்திரையைப் போடுங்கள். ஒருவரிடம்கூடச் சொல்ல முடியாது என்றால், அந்தக் கும்பிடுகளுக்கு என்ன பெறுமதி என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த மாசியில் உங்கள் கிளினிக் நாள் எப்போது வரும் என்று இப்போதே கேட்டு வைத்துவிட்டேன். காப்புக் கட்டும் நாட்களுக்குள்தான் வருகிறது. உயிரா, சேலையா என்று அப்போது பார்க்கிறேன்.

சண்முகவடிவு


அக்கரப்பத்தனை
20.02.2008

சண்முகவடிவு அவர்களுக்கு,

உனக்குத் திருப்தி தரும் செய்திகளாகப் பார்த்து எழுதுகிறேன்.

கிருமி இறங்கிவிட்டது. சோதனையில் பிடிபடவில்லை. டொக்டர் நோனா என் முதுகில் தட்டி, உனக்கு அதிர்ஷ்டம், கிருமி மருந்தைப் பழகுவதற்குள் பிடித்துவிட்டோம், எல்லாருக்கும் இப்படி வாய்க்காது என்றார். ஆறு மாதம் ஒரு வேளை தவறவில்லை. யார் பார்த்தார்கள் என்று கேட்பாய். யாரும் பார்க்கவில்லை. உன்மேல் இருந்த ஆத்திரத்தில் போட்டேன். நீ சிரிப்பதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு மாத்திரையாக விழுங்கினேன்.

போன கிழமை மாயாண்டி மாஸ்டர் வெற்றிலையோடு வந்தார். இந்த மாசிக்குக் காப்புக் கட்டமாட்டேன், அந்த நாட்களில் கொழும்புக்குப் போக வேண்டும் என்றேன். "என்னடா அப்படித் தலை போற வேல? தேதிய மாத்திக்க" என்றார். மாற்ற முடியாது என்றேன். விடவில்லை. சாமி குத்தம் வரும், தோட்டத்துக்கு ஆகாது என்று உட்கார்ந்துகொண்டார். நீ சொன்னாயே, ஒரே ஒரு ஆளிடம் சொல்லச் சொல்லி. சொன்னேன். மாத்திரையை எடுத்துக் காட்டி அவர் முன்னாலேயே போட்டேன்.

அவர் வெற்றிலைத் தட்டை எடுக்காமல் எழும்பிப் போனார். பொழுது சாய்வதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இப்போது பீலியில் நான் தண்ணீர் பிடித்தால், பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளிப் போகிறார்கள். நான் போன பிறகு குழாய் வாயைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினாளே கண்டாக்கின் பெண்சாதி, அவள் நான் நடந்த படியில் டெட்டோல் ஊற்றுகிறாள். என் கையால் விபூதி வாங்கிப் பிள்ளை பெற்றவள், அந்தப் பிள்ளையை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். ரதியின் சேலையைக் காமன் பொட்டலில் போட்டு எரித்தார்கள். சலங்கையைத் தேசிக்காய்ப் புளித் தண்ணீரில் கழுவி அழகனுக்குக் கட்டிவிட்டார்கள். அவன் நடையைப் பார்த்தேன், மாஸ்டர் சொன்னது சரி, கொழுந்து மூட்டைதான்.

உயிரா, சேலையா என்று கேட்டாய். உயிர் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்வது என்று அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு.

ஜீவராஜ்


வெள்ளவத்தை
27.02.2008

ஜீவராஜுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைவாசலில் வைத்தே படித்தேன். சோலைமலை பக்கத்தில் நின்றான். அவனுக்கும் ஊரிலிருந்து செய்தி வந்திருக்க வேண்டும், என் கையில் மிச்சக் காசைத் தராமல் மேசையில் வைத்தான். அந்தக் காசை எடுத்து அவன் சட்டைப் பையில் நானே போட்டுவிட்டு வந்தேன்.

டீச்சரிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். "உமக்கென்ன விசரோ பிள்ளை? வேண்டாமெண்டு விட்டிட்டு வந்த மனுசனிட்டைத் திரும்பியும் போகப் போறீரோ?" என்றார். விசர்தான் டீச்சர் என்றேன். என்ன நோய், என்ன மருந்து என்பதையும் சொன்னேன். பிறகு நான் குடிக்கிற கோப்பையை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, அதையும் கொண்டு போகச் சொன்னார். படித்தவர், அதனால் டெட்டோல் ஊற்றவில்லை.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று கனவிலும் நினைக்க வேண்டாம். உங்கள்மேல் எனக்கு இருக்கும் வெறுப்புக்குக் காரணம் இருக்கிறது. அது என் உடம்புக்குள் இருக்கிறது. காலையும் மாலையும் மருந்து போட்டு அதை அடக்கி வைத்திருக்கிறேன். அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? நீங்கள் அவர்களுக்கு என்ன செய்தீர்கள்? வருடா வருடம் அவர்களுக்காக அழுதீர்கள். அவ்வளவுதான். உங்களைக் கேவலமாகப் பார்க்க இந்த உலகத்தில் ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. அதை டெட்டோல் போத்தலோடு நிற்கிறவளுக்கு நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். வந்ததும் பீலிக்குத்தான் போவேன். எல்லாப் பெண்களும் நிற்கிற நேரமாகப் பார்த்து என் குடத்தை முதலில் வைப்பேன். எனக்கும் இதே நோய், நான் போடுவதும் இதே மாத்திரை என்று என் வாயால் சொல்வேன். குழாயைத் தேய்க்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு தேய்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம்.

பஸ் பிந்தும். சோறு வடித்து வையுங்கள், உங்கள் மாலை மாத்திரையை எனக்காகக் காத்திராமல் போடுங்கள்.

சண்முகவடிவு